சுவிட்சை அணைத்த பிறகும் சுடும் வண்டி

1

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதுங்காவிலிருந்து ஒருவர் திலக் நகரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். பாங்க் வேலையில் ரிட்டயர் ஆனவர். பழைய காலத்து ரிமோட் கார்களைச் சேர்ப்பது அவருடைய பொழுதுபோக்கு. பம்பாயில் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். சின்ன வயதில் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்து ஏங்கிய பொம்மையை, தலை நரைத்த பிறகு தேடிப்பிடித்து வாங்குகிறவர்கள். வாங்குவதற்கு முன்னால் அவர்களில் சிலர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். ஆலங்குளத்துக் கோமதி பம்பாயில் பொம்மைக் காருக்கு யோசனை சொல்கிறாள் என்றால் ஊரில் இருக்கும் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கே பல நாள் வந்திருக்கிறது.

காபியைக் குடித்துவிட்டு அவர் மெதுவாக ஆரம்பித்தார்.

"உங்ககிட்ட அந்தச் செவப்பு ஜீப் ஒண்ணு இருக்குன்னு சொன்னா. குடுக்கறதா இருந்தா நான் எடுத்துக்கறேன்."

"இப்போ இல்லை சார்."

"பாக்க அவ்வளவு லட்சணமா இருக்கே, அதை ஏன் ஒருத்தரும் தொடமாட்டேங்கறா? அப்படி என்ன ப்ராப்ளம் அதுல?"

சொன்னேன். அந்த ஜீப்பை வடிவமைத்தவர்கள் எங்கே தப்பு செய்தார்கள், எந்தப் பாகம் சூடாகும், சுவிட்ச் எதற்கு உதவாது, எல்லாம் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். "நல்ல வேளை, கேட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். வண்டியின் குற்றத்தையெல்லாம் அவரிடம் ஒன்று விடாமல் சொன்ன எனக்கு, இந்த வருஷம் அது எங்கள் குடும்பத்தில் என்ன செய்தது என்று சொல்ல வாய் வரவில்லை. இதில் வரும் பிள்ளைகள் யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

கல்யாணமாகி இங்கே வந்தபோது தண்ணீருக்கும் அரிசிக்கும் உள்ள ‘பானி’, ‘சாவல்’ தவிர எனக்கு ஹிந்தியில் வேறு வார்த்தை தெரியாது. அருண் பிறந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, வாஷியில் ஒரு சின்ன ஆபீசில் வேலை கிடைத்தது. வெளிநாட்டுப் பொம்மைகளை வரவழைத்து விற்கும் ஆபீஸ். எனக்குப் புகார் மேஜை. கெட்டுப்போன வண்டியைப் பெட்டியோடு கொண்டுவந்து வைத்துவிட்டுச் சண்டை போடுவார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு, வண்டியைத் திறந்து பார்த்து, என்ன கோளாறு என்று உள்ளே சொல்ல வேண்டும். நான் ஹிந்தி கற்றுக்கொண்டது அந்த மேஜையில்தான். "மம்மி ஹிந்தி பேசினா கஸ்டமர் கம்ப்ளெய்ன்ட் மாதிரியே இருக்கும்" என்று அருண் கேலி செய்வான்.

அங்கேதான் ஒன்று புரிந்தது. ஒரே வண்டி ஒரே இடத்தில்தான் உடையும். யார் வீட்டுப் பிள்ளை ஓட்டினாலும் சரி.

ஒரு வண்டிக்குப் பெட்டியில் ஆகாயத்தில் தாவுகிற மாதிரி படம் போட்டிருப்பார்கள். நிஜமாகத் தாவினால், இறங்கும்போது அதன் கியர்ப்பெட்டியின் இரண்டு பாதிகளும் வாயைப் பிளந்துவிடும். பல்சக்கரங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி அரைபட்டுத் தூளாகும். இன்னொன்றுக்கு முன்னால் பம்பர் கிடையாது. சக்கரத்தைத் திருப்புகிற கைதான் சுவரில் முதலில் மோதும். அந்தக் கையை அடிச்சட்டத்தோடு ஒரே வார்ப்பாக வார்த்திருந்ததால், விரலளவு துண்டு உடைந்தாலும் முழுச் சட்டமும் குப்பை. ஒரு கறுப்புக் காருக்கு மேலே ரப்பர் மாதிரி மெத்தென்ற பூச்சு. கையில் எடுத்தால் அவ்வளவு சுகமாக இருக்கும். நம் பம்பாய் ஈரக்காற்றில் சில வருஷத்தில் அது இளகி, கருப்பட்டிப் பாகு மாதிரி ஒட்டும். தூசி, தலைமயிர், பெட்டியின் காகிதம் எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். வேறொன்றில் பேட்டரியை வெளியே எடுக்க அடிப்பக்கம் முழுவதையும் கழற்ற வேண்டும். சோம்பேறித்தனத்தில் எல்லோரும் உள்ளேயே விட்டுவிடுவார்கள். அது கசிந்து, செம்புக் கம்பியெல்லாம் பச்சை பூத்துப்போகும்.

சேர்க்கிறவர்கள் இதையெல்லாம் ஓட்டப்போவதில்லை, அலமாரியில்தான் வைக்கப்போகிறார்கள். ஆனாலும் வாங்கமாட்டார்கள். உடைந்தால் மாற்றுச் சாமான் கிடைக்காது என்பது ஒரு காரணம். தப்பாகப் பிறந்த வண்டி என்று தெரிந்த பிறகு அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு அந்த இடத்திலேயே போய் நிற்கும் என்பது இன்னொன்று.

சிவப்பு ஜீப் இவை எல்லாவற்றையும்விட மோசம். மெதுவாக ஓட வேண்டுமென்றால், மிச்ச மின்சாரத்தை ஒரு வெள்ளைப் பீங்கான் கட்டை வாங்கிக்கொண்டு சூடாகக் கழிக்கும். பழைய வண்டிகளில் அது சாதாரணம்தான். மற்ற வண்டிகளில் அந்தக் கட்டையைக் காற்றுப் படுகிற இடத்தில் வைத்திருப்பார்கள். இதில் பிளாஸ்டிக் மூடிக்குக் கீழே, உரசாத குறையாக வைத்திருந்தார்கள். அதைவிடப் பெரிய தப்பு சுவிட்ச். வண்டியின் வயிற்றில் இருக்கும் சுவிட்சை அணைத்தால், ரிமோட் சொல்வதைக் கேட்கிற பாகம் மட்டும்தான் தூங்கும். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் உள்ள தொடர்பு அப்படியே இருக்கும். மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போது அணைத்துவிட்டால், சக்கரம் மெல்லச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்; அது எங்காவது சிக்கி நின்றாலும் கட்டை உள்ளே காய்ந்துகொண்டே இருக்கும். பேட்டரியின் ஒயரைப் பிடுங்கினால் மட்டுமே அது நிஜமாக அணையும்.

ஆபீசை மூடியபோது, மிஞ்சியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். நான் எடுத்துவந்தவற்றில் இரண்டு சிவப்பு ஜீப்பும் இருந்தன. மற்றவையெல்லாம் ஒவ்வொன்றாகக் கைமாறிக்கொண்டிருந்தன. அவை இரண்டும் அலமாரியிலேயே கிடந்தன.

3

என் கூடப் பிறந்த அக்கா சண்முகக்கனியை உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு முன்னாலேயே கல்யாணமாகித் தாராவிக்கு வந்தவள். அத்தான் போன பிறகு அவளும் மகன் சுரேஷும் பலசரக்குக் கடையை நடத்துகிறார்கள். அக்காவின் ஹிந்தி தாராவி முழுக்கப் பிரசித்தம். ஆண்பால் பெண்பால் எதுவும் பார்க்கமாட்டாள். தமிழை அப்படியே ஹிந்தியில் நடக்கவிடுவாள். "ஏ பாய், கல் வாலா பாக்கி தேக்கே ஜா" என்று நேற்றைய பாக்கியைக் கேட்டுக் கடை வாசலில் நின்று அவள் சத்தம் போட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். வடநாட்டுப் பையாவும் மராத்திக்காரரும் அவளிடம் பேச்சுக் கொடுப்பதற்காகவே வருவார்கள்.

சுரேஷின் மனைவி மாலினி தாராவியிலேயே பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி இரண்டு வருஷம். ஹிந்தி தண்ணீர் மாதிரி வரும். தமிழும் பேசுவாள், ஆனால் கோபமோ சந்தோஷமோ வந்தால் ஹிந்திக்குப் போய்விடுவாள். அவளுக்கு ஒரே ஆசை, வண்டி ஓட்ட வேண்டும். கடைக்கு ஒரு சின்ன டெம்போ உண்டு. வாஷி மார்க்கெட்டுக்குச் சுரேஷ் போகும்போது இவளும் போய், காலியான ரோட்டில் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பழகிக்கொண்டிருந்தாள். லைசென்ஸ் டெஸ்டுக்குத் தேதி வாங்கியிருந்தாள்.

வெயில் தொடங்கிய சமயம், ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்தவள் அலமாரியைப் பார்த்துவிட்டு, "சித்தி, ஒரு ரவுண்டு ஓட்டட்டா?" என்று கேட்டாள். கைக்கு வந்த சிவப்பு ஜீப்பை எடுத்துக் கொடுத்தேன். கீழே பார்க்கிங்கில், ஸ்கூட்டர்களுக்கு நடுவில் அதைப் பின்பக்கமாகவே வளைத்து வளைத்து ஓட்டினாள். எத்தனையோ பேர் ஓட்டிப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு கையை நான் பார்த்ததில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"பிடிச்சிருக்கா? நீயே வச்சுக்கோ."

"சச்சி மே, சித்தி?" நிஜமாகவா என்று கண்ணை விரித்தாள்.

இங்கே நான் உண்மையைச் சொல்ல வேண்டும். அலமாரியில் அன்றைக்கு நல்ல வண்டியும் ஒன்று இருந்தது. அதற்கு ஆள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஜீப்பை ஒருத்தரும் கேட்கவில்லை. யாரும் தொடாததை அவளுக்குக் கொடுத்துவிட்டு, தாராளமாகக் கொடுத்த மாதிரி நின்றேன். பழைய பேட்டரி செத்துப்போயிருந்ததால், அதைவிட வலுவான புதுப் பேட்டரி வேறு வாங்கிப் போட்டிருந்தேன்.

லிஃப்ட் வாசலில் அவள் நிற்கும்போது, "சலானே கே பாத் பந்த் கர்கே ரக்னா" என்றேன். ஓட்டி முடித்தால் அணைத்து வை. அவ்வளவுதான். பேட்டரி ஒயரைப் பிடுங்கு என்று சொல்லவில்லை. அந்த நேரம் அருண் உள்ளேயிருந்து பாஸ்போர்ட் விஷயமாக என்னவோ கூப்பிட்டான். தமிழில் சொல்லியிருந்தால் ‘பேட்டரியக் கழட்டிரு’ என்று தானாக வாயில் வந்திருக்கும் என்று பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். மொழியின் மேல் பழியைப் போட ஆசைதான். ஆனால் கழட்டு என்பதற்கு ‘நிகால்’ என்ற வார்த்தை தெரியாத ஆளா நான்? அந்த மேஜையில் எத்தனை வருஷம் அதைச் சொல்லியிருக்கிறேன். அக்கறை போதவில்லை. அதுதான் உண்மை.

4

பத்து நாள் இருக்கும். மத்தியானம் சமையலை முடித்துக்கொண்டிருந்தபோது அக்காவின் போன்.

"ஏட்டி கோமதி, மாலினிக்கு கையில தீப்பட்டுட்டு. ஆஸ்பத்திரிக்குப் போறோம். நீ சயானுக்கு வந்திரு."

ஆட்டோ பிடித்துப் போனேன். அவசரப் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். சேலை முழுக்க ஈரம், கருகின பிளாஸ்டிக் வாடை. மாலினியை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். வலிக்கு ஊசி போட்டு அவள் மயக்கத்தில் இருந்தாள்.

நடந்ததை அக்கா சொன்னாள். காலையில் சந்தில் ஜீப்பை மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தாள் மாலினி. கடையில் கூட்டம் வந்ததும் அக்கா கூப்பிட்டிருக்கிறாள். அவளும் சுவிட்சை அணைத்து, சக்கரம் இன்னும் மெல்லச் சுற்றுவதை அவசரத்தில் கவனிக்காமல், கட்டிலுக்குக் கீழே, மடித்த பழைய சேலைகளுக்குள் வண்டியைச் செருகிவிட்டுப் போயிருக்கிறாள். சக்கரம் துணியில் இறுகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குள் புகை. ஓடிப்போன மாலினி, துணியில் தீப்பிடித்துவிடுமே என்று வண்டியைக் கையால் வாரி இழுத்திருக்கிறாள். இளகின பிளாஸ்டிக் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டது. நைலான் நைட்டியின் கையில் தீ ஏறியது. அக்காதான் குடத்துத் தண்ணீரைக் கொட்டி அணைத்திருக்கிறாள்.

"அந்தப் பிள்ள கத்தக்கூட இல்லட்டி. கையவே பாத்துக்கிட்டு நின்னா" என்றாள் அக்கா.

அப்போது ஒரு பெண் போலீஸ் வந்து அக்காவின் பக்கத்தில் நின்றாள். புதிதாகக் கல்யாணமான பெண் தீக்காயத்தோடு வந்தால் ஆஸ்பத்திரியிலிருந்து போலீசுக்குச் சொல்லிவிடுவார்கள். அது நல்லதுக்குத்தான். எத்தனையோ வீடுகளில் ஸ்டவ் வெடித்தது என்று சொல்லித்தானே எல்லாவற்றையும் மூடியிருக்கிறார்கள். ஆனால் இங்கே நடந்தது வேறு. டாக்டர் அவசரத்தில் அக்காவிடம் எப்படிச் சுட்டது என்று கேட்டிருக்கிறார். அக்கா பதறிப்போய், "ஹமாரா பஹு கோ ஜலாயா" என்றிருக்கிறாள். ‘கௌன்?’, யார் என்று கேட்டது அவள் காதில் ‘கஹான்?’, எங்கே என்று விழுந்திருக்கிறது. "கர் மே. ஹம் தா" என்று சொல்லியிருக்கிறாள்.

ஊரில் நாம் ‘சுட்டுட்டு’ என்றால் அதோடு முடிந்தது. யார் சுட்டது என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். ஹிந்தியில் ‘ஜலா’ என்றால் எரிந்தது, ‘ஜலாயா’ என்றால் எரித்தது. மருமகளை எரித்தோம், வீட்டில், நான் இருந்தேன். அக்கா சொன்னதாக எழுதப்பட்டது அதுதான்.

5

அந்தப் பெண் போலீஸ் மரியாதையாகத்தான் பேசினாள். மாமியார் ஏதோ பொம்மைக் கார் என்கிறாரே, பொம்மைக் கார் எங்கே இப்படி எரியும், அது யாருடையது, உங்களுக்குத் தெரியுமா என்று என்னைக் கேட்டாள்.

இதற்குப் பதில் சொல்லும் முன்னால் என் மனசில் ஓடியதை நான் மறைக்கப்போவதில்லை. அருணுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்திருந்தது. பாஸ்போர்ட்டுக்காகப் போலீஸ் வெரிஃபிகேஷன் அந்த வாரம் வர வேண்டும். ஏற்கெனவே ஒரு முறை, பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட்டில் அவன் அப்பா பெயர் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் இருக்கிறது என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். திருத்தி வாங்க மூன்று ஆபீஸ் அலைந்தோம். இப்போது அம்மாவின் பெயர் ஒரு தீக்காயக் கேஸில் வந்தால் என்ன ஆகும் என்று நினைத்தேன். எனக்குச் சட்டம் தெரியாது. பயம் மட்டும் தெரியும்.

"பதா நஹி" என்றேன்.

தெரியாது.

அவள் தலையாட்டிவிட்டு அக்காவை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டாள், வாக்குமூலம் எழுத. அக்கா எழுந்தாள். வண்டி யார் கொடுத்தது என்று அவளுக்குத் தெரியும். ஒரு சொல் சொல்லியிருந்தால் அவள் பாரம் பாதி குறைந்திருக்கும். அவள் சொல்லவில்லை. ஈரச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "பிள்ளையப் பாத்துக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். நான் பெஞ்சிலேயே இருந்தேன்.

மாலினிக்கு நினைவு தெளிந்ததும் ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அவளிடம் பேசினார். கதவு சரியாகச் சாத்தவில்லை. மாலினியின் குரல் கேட்டது. என் தப்புதான், சுவிட்சை அணைக்க மறந்துவிட்டேன், அத்தைதான் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றினார்கள் என்றாள். யாரோ சொல்லிக் கொடுத்தார்களா என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். இல்லை என்றாள். வண்டி எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, பழைய சாமான் கடையில் வாங்கினேன் என்றாள்.

அவள் சுவிட்சை அணைத்திருந்தாள். நான் சொன்னபடியே செய்திருந்தாள்.

வெளியே வந்த சப்-இன்ஸ்பெக்டரின் முகத்தைப் பார்த்தேன். நம்பவில்லை. இப்படிச் சொல்லுகிற பெண்களை அவர் நிறையப் பார்த்திருப்பார். எரிந்துபோன வண்டியின் சுவிட்ச் எந்தப் பக்கம் இருந்தது என்று சொல்லவும் முடியாது, எல்லாம் ஒரே கட்டியாக உருகியிருந்தது.

அந்த நேரம் வாஷியிலிருந்து சுரேஷ் ஓடிவந்தான். சட்டையெல்லாம் மார்க்கெட் தூசி.

"சித்தி, அவ எப்படி இருக்கா?"

"பரவாயில்லப்பா. உள்ள இருக்கா."

"அம்மா எங்க?"

இந்தக் கேள்விக்கு என்னால் ‘தெரியாது’ என்று சொல்ல முடியவில்லை. அவனை மாலினியிடம் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

6

அலமாரியில் இரண்டாவது ஜீப் இருந்தது. மேஜையில் வைத்து, முன்பு கூடவே வாங்கி வைத்திருந்த இன்னொரு புதுப் பேட்டரியை மாட்டிப் பார்த்தேன். அருண் ரூமிலிருந்து வந்தான். நடந்ததைச் சொன்னேன்.

"நீ ஏன் போகணும்? மாலினியே சொல்லிட்டாள்ல."

"பெரியம்மா ஸ்டேஷன்ல உக்காந்திருக்கா."

"ஐ நோ, மம்மி. ரெண்டு நாள் வெயிட் பண்ணு. வெரிஃபிகேஷன் ஹோ ஜானே தோ, பிறகு சொல்லிக்கலாம்."

பெஞ்சில் உட்கார்ந்து நான் நினைத்ததைத்தான் அவன் வாய்விட்டுச் சொன்னான். அதனால் அவனைக் கோபிக்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. அவன் பெரியம்மா மடியில் வளர்ந்த பிள்ளை. நானும் அவன் அப்பாவும் வேலைக்குப் போகும் பரபரப்பில் அவனுக்குச் சோறு ஊட்டியது அவள். அதையெல்லாம் அவனுக்கு எடுத்துச் சொல்லுகிற யோக்கியதை அன்றைக்கு எனக்கு இல்லை.

"அவளை ஈரத்தோட கூட்டிட்டுப் போயிருக்காங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, வண்டியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

ஸ்டேஷனில் அக்கா சுவரோரம் பெஞ்சில் இருந்தாள். யாரோ அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்திருந்தார்கள். குடிக்காமல் கையில் வைத்திருந்தாள். நான் நேராகச் சப்-இன்ஸ்பெக்டர் மேஜைக்குப் போனேன்.

"வண்டி என்னுடையது. நான்தான் கொடுத்தேன். சுவிட்சை அணைத்தாலும் அது அணையாது. காட்டுகிறேன்" என்றேன். என் புகார் ஹிந்தி அன்றைக்கு ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

அவர் பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தார். ஜீப்பின் மேல்மூடியைக் கழற்றினேன். பின்சக்கரத்தை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ரிமோட்டில் மெதுவான ஓட்டத்துக்கு வைத்தேன். மோட்டார் உறுமியது. அப்படியே வயிற்றிலிருந்த சுவிட்சை அணைத்தேன். ரிமோட்டையும் அணைத்து அவர் கையில் கொடுத்தேன்.

"இப்போது எல்லாம் அணைந்துவிட்டது இல்லையா? அந்த வெள்ளைக் கட்டை மேல் ஒரு காகிதத்தை வையுங்கள், மேடம்."

மேஜையில் கிடந்த பழைய பேப்பரில் ஒரு துண்டைக் கிழித்து வைத்தார். முதலில் ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். பிறகு காகிதம் மஞ்சளானது. நடுவில் பழுப்பு விழுந்தது. கருகல் வாடை வந்ததும் சிரித்தவர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். ஓரத்தில் புகை எழும்பியபோது பேட்டரி ஒயரைப் பிடுங்கினேன்.

சப்-இன்ஸ்பெக்டர் கருகின காகிதத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது இப்படி ஆகும் என்று உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிந்தும் ஏன் கொடுத்தீர்கள்?"

அந்தக் கேள்வியில் மிரட்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் பிடுங்கிய ஒயரைச் சுருட்டினேன். ஆஸ்பத்திரியில் பார்த்த பெண் போலீஸ் அங்கே நின்றுகொண்டிருந்தாள். மத்தியானம் இந்த அம்மா தெரியாது என்று சொன்னாரே என்றாள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன்.

மராத்தியில் எழுதி, எனக்கு ஹிந்தியில் படித்துக் காட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன். அக்காவின் வாக்குமூலத்தில் அந்த ஒரு வரியைத் திருத்தி எழுதி, அவளிடமும் கையெழுத்து வாங்கினார்கள். அவள் தமிழில் தன் பெயரை எழுத்துக் கூட்டிப் போட்டாள். ஜீப்பை அவர்களே வைத்துக்கொண்டார்கள். பொழுது சாய்வதற்குள் வெளியே வந்துவிட்டோம். ஆட்டோவில் அக்கா என் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

7

கேஸ் எதுவும் ஆகவில்லை. நான் எந்த வெரிஃபிகேஷனுக்குப் பயந்தேனோ, அதற்கு ஒருவர் அந்த வாரமே வந்தார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார், பக்கத்து வீட்டில் இரண்டு பேரிடம் விசாரித்தார், போய்விட்டார். என் பெயரைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. அருண் மழைக்கு முன்னால் ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான். வாரம் ஒரு முறை வீடியோவில் வருவான். "மாலினி பாபி எப்படி இருக்கா?" என்று கேட்பான். ‘மதினி’ என்ற சொல் அவனுக்கு வரவில்லை, ‘பாபி’தான். பெரியம்மாவைப் பற்றிக் கேட்கமாட்டான். அவனுக்கும் உள்ளே ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதைப் பேசுகிற தமிழ் அவனிடம் இல்லை. என்னிடமும் இல்லையோ என்னவோ.

மாலினியின் உள்ளங்கையில் தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். விரல்கள் முழுசாக மடங்காமல் பல மாதம் இறுக்கமான உறை போட்டிருந்தாள். வாரா வாரம் பயிற்சிக்கு நான்தான் கூட்டிப்போனேன். ஒரு ரப்பர் பந்தை அமுக்கச் சொல்வார்கள். கண்ணில் நீர் முட்டும்வரை அமுக்குவாள். லைசென்ஸ் டெஸ்ட் தள்ளிப்போனது. அவளிடம் ஒரு நாள், ரயில்வே ஸ்டேஷன் படியில் இறங்கும்போது, "நீ அணைச்சுத்தான வச்ச, ஏன் அணைக்கலைன்னு சொன்ன?" என்று கேட்டேன்.

"அத்தையை விட்டுருவாங்கன்னு நெனச்சேன், சித்தி. உங்க பேரும் வராதுல்ல" என்றாள். சொல்லிவிட்டு எனக்கு முன்னால் இறங்கிப் போனாள். போன மாதம் டெஸ்ட் பாஸ் ஆகிவிட்டாள். டெம்போவை இப்போது அவளே வாஷிக்கு ஓட்டிப்போகிறாள்.

கை இப்படித் தேறிவிட்டது. தேறாதது அக்காவின் வாய்.

முதலில் நான் கவனிக்கவில்லை. சுரேஷ்தான் சொன்னான். "சித்தி, அம்மா கடையில ஹிந்தி பேசறதே இல்ல. யார் என்ன கேட்டாலும் மாலினியப் பாக்குது." போய்ப் பார்த்தேன். நிஜம்தான். ஒரு பையா வந்து வழக்கம்போல் வம்புக்கு, "அம்மா, ஆஜ் குச் போல்தா நஹி?" என்று, இன்றைக்கு ஒன்றும் பேசவில்லையே என்கிற மாதிரி, கேட்டான். அவள் சிரித்துவிட்டு உள்ளே திரும்பி, "மாலினி, என்ன வேணும்னு கேளு" என்றாள். தப்புத் தப்பான அந்த ஹிந்தியை வைத்துக்கொண்டு, அத்தான் போன பிறகு ஒரு கடையைத் தூக்கி நிறுத்தியவள். வீதிக்கே கேட்கும்படி சண்டை போட்டவள். ஒரு சொல் மாறிப்போனதற்கு ஒரு மத்தியானம் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்த பிறகு, தெரிந்த காய்கறிக்காரனிடம்கூட விரலைக் காட்டி விலை கேட்கிறாள்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் தாராவிக்குப் போகிறேன். கடைக்குள் அவளோடு உட்கார்ந்து அப்பளக் கட்டுகளை அடுக்குவேன். பேச்சு ஊரைப் பற்றி, விலைவாசியைப் பற்றிப் போகும். அந்த நாளைப் பற்றிப் போகாது. மாதுங்காக்காரர் வந்துபோன அன்று சாயங்காலம் என்னால் அடக்க முடியவில்லை.

"அக்கா, ஒனக்கு ஒண்ணு தெரியாது. அன்னைக்கு ஆஸ்பத்திரில அந்த போலீஸ் பிள்ள என்கிட்ட வண்டி யாரோடதுன்னு கேட்டா. நான் தெரியாதுன்னு சொல்லிட்டேன். அதனாலதான் ஒன்ன கூட்டிட்டுப் போனாவ."

அக்கா அப்பளக் கட்டை எடுத்து, எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து, மேல் தட்டில் வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். என்னைப் பார்க்காமலே பேசினாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"பக்கத்துலதான இருந்தேன். ஹிந்தியில சொன்னா எனக்கு விளங்காதுன்னு நெனச்சியாட்டி?"